பழைய மலைகளை பிரைஸ் 7-க்கு ஏற்றிய கதை

அப்பா ஸ்டுடியோக்களுக்கு சீனரி வரைந்தவர். பத்தடிக்கு எட்டடி துணியில் ஒரு ஏரி, இரண்டு தென்னை, பின்னால் நீல மலை. மதுரையைச் சுற்றிப் பல ஸ்டுடியோக்களில் அவர் மலைக்கு முன்னால் நின்றுதான் கல்யாண ஜோடிகள் படம் எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு பெயிண்ட் டப்பா மூடியின் மேலும், உள்ளே இருக்கிற நிறத்தை ஒரு விரலில் தொட்டு இழுத்து வைத்திருப்பார். டப்பாவைத் திறக்காமலே எதில் என்ன என்று தெரிந்துவிடும்.

நான் துணியை விட்டுக் கணினிக்கு வந்தபோது, பிரைஸ் 5-ல் அதே மூடிகளைப் பார்த்தேன். ஒரு ஆங்கிலக் கணினி இதழோடு வந்த சிடியில் கிடைத்த நிலக்காட்சி சாஃப்ட்வேர் அது. மெட்டீரியல் என்றால் உருவத்தின் மேல் பூசுகிற மேற்பூச்சு. அந்த மெட்டீரியல் லைப்ரரியைத் திறந்தால் வரிசையாகச் சின்னச் சின்னப் படங்கள். ஒன்று கல், ஒன்று தண்ணீர், ஒன்று பாசி படிந்த பாறை. நாமே ஒரு கல்லைத் தயாரித்து அந்த வரிசையில் சேர்த்து வைத்துக்கொள்ளலாம். அன்றைக்குப் பிடித்துப்போனது இன்னும் விடவில்லை.

இது பிரைஸ் 7.1 பற்றிய மதிப்புரை. புதுப் பொருள் இல்லை. 7 வந்தது 2010-ல். அதற்குப் பிறகு 8 என்று ஒன்று வரவே இல்லை. இப்போது எதற்கு எழுதுகிறேன் என்றால், போன தை மாதம்தான் நான் 5-ஐ விட்டு 7-க்குக் குடிமாறினேன். பழைய கணினியின் போர்டு போய்விட்டது. ஹார்ட் டிஸ்க் மட்டும் உயிரோடு இருந்தது. அதற்குள் பதினைந்து வருஷத்துக்கு மேல் சேர்த்த கல், மலை, வானம், மரம் எல்லாம். அதே வாரம் திருமங்கலத்து ஸ்டுடியோக்காரர் ஒருவர், 2009-ல் நான் செய்து கொடுத்த நிலா ஏரி சீனரியைப் பெரிய அளவில் மறுபடி கேட்டார். அப்புறம் என்ன, உட்கார்ந்தேதான் ஆகவேண்டும்.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. பிரைஸ் என்பது நிலக்காட்சி செய்வதற்கென்றே பிறந்த சாஃப்ட்வேர். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பிரைஸ் கேன்யன் என்று செம்பாறைத் தூண்களாக நிற்கிற பள்ளத்தாக்கு இருக்கிறது, பெயர் அங்கிருந்து வந்தது. 1994-ல் மேக் கணினிக்கு முதல் பதிப்பு. எரிக் வெங்கர் எழுதிய நிரலுக்குக் காய் க்ரௌஸ் முகம் வரைந்தார். பளபளவென்று உருண்டையாக இருக்கிற அந்தப் பட்டன்கள் எல்லாம் அவர் கைவரிசை. ஒரே வடிவம் சின்னதும் பெரியதுமாகத் திரும்பத் திரும்ப வருவதை ஃப்ராக்டல் என்பார்கள். அதற்குப் பேர்போன கணித மேதை மாண்டல்பிராட்டிடம் படித்த கென் மஸ்கிரேவின் ஃப்ராக்டல் வேலையும் இதில் கலந்திருக்கிறது. பிறகு கைமாறிக் கைமாறி, 2001-ல் கோரல் நிறுவனத்தின் பெயரில் 5 வந்தது, 2004-ல் டாஸ் 3டி வாங்கியது. ஒரு காலத்தில் டாஸ் இதைக் காசில்லாமலே கொடுத்தது. நான் அப்போது இறக்கி வைத்ததோடு சரி, நிறுவவே இல்லை. ஓடுகிற வண்டியை எதற்கு நிறுத்தவேண்டும் என்ற எண்ணம்தான்.

இனி லைப்ரரி விஷயம். பிரைஸில் சேமிப்பு மூன்று சாதி. மெட்டீரியல்கள் மேட் என்று முடியும் ஃபைலில் இருக்கும். வானங்கள் பிஎஸ்கே. மலை, பாறை, மரம் போன்ற பொருட்கள் ஓபிபி. ஒரு ஃபைலுக்குள் ஒன்று மட்டும் இருக்காது. ஒரு வகையே இருக்கும். 'என் கற்கள்' என்று நான் வைத்திருந்த ஒற்றை ஃபைலுக்குள் ஐம்பதுக்கு மேற்பட்ட கற்கள். ஆகவே இந்த மாதிரி ஃபைல்களை எடுத்துப் புதிய இடத்தில் போட்டால் வேலை முடிந்தது என்றுதான் நினைப்போம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பழைய டிஸ்க்கைத் தெருமுனை சர்வீஸ் கடையில் கொடுத்து ஒரு யுஎஸ்பி பெட்டிக்குள் போட்டு வாங்கினேன். புரோகிராம் ஃபைல்ஸுக்குள் பிரைஸ், அதற்குள் பிரீசெட்ஸ் ஃபோல்டர். அப்படியே அள்ளிக்கொண்டு வந்தேன். பிரைஸ் 7-ஐத் திறந்து, லைப்ரரி ஜன்னலின் அடியில் இருக்கிற இம்போர்ட்டை அழுத்தி, 'என் கற்கள்' ஃபைலைக் காட்டினேன். கொஞ்சம்கூட முனகாமல் ஏற்றுக்கொண்டது. 2001-ல் வந்த பதிப்பில் சேமித்த கல்லை 2010-ல் வந்த பதிப்பு கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்கிறது, சின்னப் படம்கூட மாறவில்லை. இதற்கு முழு மதிப்பெண் போடலாம்.

ஆனால் எண்ணிப் பார்த்தால் கற்கள் குறைந்தன. கழுகுமலைக்குப் போய்ப் படமெடுத்து வந்து, அந்தச் சாயலில் நான் செய்த சாம்பல் பாறையைக் காணோம். செம்மண் வகை இரண்டைக் காணோம். எல்லாவற்றுக்கும் மேலாக என் பனைமரம் இல்லை. வயிற்றைக் கலக்கியது. சர்வீஸ் கடைத் தம்பியை மறுபடி கூப்பிட்டேன். அவன் ஃபைல் தேதிகளைப் பார்த்துவிட்டுத் திரும்பினான்.

"அண்ணே, எல்லாம் 2011-ஓட நின்னுபோச்சே. அதுக்கப்புறம் நீங்க ஒண்ணுமே சேக்கலையா?"

"என்ன தம்பி இப்படிக் கேக்குற? பனை போட்டதே 2014-லதான்."

"அப்ப ஒளிஞ்சிருக்குண்ணே. இருங்க."

2011-ல்தான் நான் எக்ஸ்பியிலிருந்து விண்டோஸ் 7-க்கு வந்தேன். விஸ்டா காலத்திலிருந்தே புரோகிராம் ஃபைல்ஸ் பூட்டின அறை. பழைய சாஃப்ட்வேர் ஏதாவது அங்கே எழுதப் போனால், விண்டோஸ் அதைத் தடுக்காமல், சத்தம் போடாமல் வேறு இடத்துக்குத் திருப்பிவிடும். பயனர் ஃபோல்டருக்குள் ஆப்டேட்டா, அதற்குள் லோக்கல், அதற்குள் விர்ச்சுவல் ஸ்டோர். ஆப்டேட்டா சாதாரணமாகக் கண்ணுக்கே தெரியாது. மறைந்த ஃபைல்களைக் காட்டு என்று சொன்னால்தான் தெரியும். பிரைஸ் 5-க்கு இது எதுவும் தெரியாது. அது தன் பழைய வீட்டிலேயே எழுதுவதாக நினைத்துக்கொண்டு வருஷக்கணக்காக இங்கே எழுதியிருக்கிறது. இந்த ஏற்பாடு எல்லோரும் படிக்கிற மாதிரிதான் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. படிக்காதது நான்தான்.

தம்பி அந்த ஃபோல்டரைத் திறந்ததும் பனை இருந்தது. அதோடு இன்னொரு வம்பும் இருந்தது. அங்கேயும் ஒரு 'என் கற்கள்' ஃபைல், அச்சு அசலாக அதே பெயர். புரோகிராம் ஃபைல்ஸில் இருப்பதில் 41 கற்கள். விர்ச்சுவல் ஸ்டோரில் இருப்பதில் 58. இரண்டையும் ஒரே ஃபோல்டரில் கொட்டினால் ஒன்று மற்றொன்றை விழுங்கிவிடும். அவசரத்தில் 'ரீப்ளேஸ்' கொடுத்து, பழையது புதியதன் மேல் உட்கார்ந்திருந்தால் 17 கற்கள் போனது போனதுதான். நல்ல வேளை, தம்பி நிதானம். இரண்டு ஃபோல்டரையும் தனித்தனிப் பெயரில் எடுத்து வைத்துவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போனான். பிரைஸ் என்றில்லை, அந்தக் காலத்து எந்த சாஃப்ட்வேரிலிருந்து குடிமாறினாலும் இந்த இரண்டு இடத்தையும் பார்த்துவிடுங்கள். அந்தத் தம்பிக்கு நான் கொடுத்தது இருநூறு ரூபாயும் ஒரு ஜிகர்தண்டாவும்.

சரி, சாமான் வந்து சேர்ந்துவிட்டது. வந்தது வந்தபடி இருக்கிறதா? இங்கேதான் மெட்டீரியலுக்கும் பொருளுக்கும் உள்ள வித்தியாசம் புரிந்தது.

பனைமரத்தையே எடுத்துக்கொள்கிறேன். பிரைஸ் 5-லிருந்தே ட்ரீ லேப் என்று மரம் செய்கிற பட்டறை உண்டு. ஆனால் அதில் எனக்குப் பனை ஒருநாளும் சரியாக வந்ததில்லை. எப்படிப் போட்டாலும் வெளிநாட்டுக் கடற்கரை மரம் மாதிரி நெளிந்துகொண்டு நிற்கும். அதனால் தண்டுக்கு உருளைகளை அடுக்கி, ஓலைக்கு ஒரு நிஜ ஓலையைப் படமெடுத்து, ஓரத்தை வெட்டிக் கண்ணாடி மாதிரித் தெரிய வைத்துத் தட்டையான பலகைகளில் ஒட்டியிருந்தேன். ஒரு மரத்தில் இருபத்தியிரண்டு ஓலை. காய்ந்து தொங்குகிற ஓலை மூன்று. அந்த மரத்தை 7-ல் இறக்கினேன். இருபத்தியிரண்டும் வந்தன. ஓலைப் படமும் வந்தது, ஓரத்து வெட்டும் வந்தது. படத்தை எங்கே வைத்திருந்தேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை, அந்த ஃபோல்டர் எப்போதோ அழிந்துபோனது. ஆனாலும் வந்தது. காரணம், பிரைஸ் படங்களை வெளியே விட்டுவிட்டு முகவரி மட்டும் எழுதி வைத்துக்கொள்வதில்லை. பொருளோடு சேர்த்து உள்ளேயே கட்டிவிடுகிறது. ஃபைல் பெருக்கும்தான். ஆனால் குடிமாறும்போது இதன் அருமை தெரியும். பிளெண்டர் என்ற இன்னொரு முப்பரிமாண சாஃப்ட்வேரில் நான் கொஞ்சம் வேலை செய்திருக்கிறேன். அங்கே படங்களை ஃபைலுக்குள் பேக் செய்யாமல் ஃபோல்டரை நகர்த்திவிட்டால், மரம் முழுக்கப் பஞ்சுமிட்டாய் நிறத்தில் நிற்கும்.

மெட்டீரியலின் கதை வேறு. அந்தச் சாம்பல் பாறையை எடுத்து ஒரு புது மலைக்குப் போட்டேன். கழுகுமலையைக் காணோம், உப்புமாவுக்கு வறுத்த ரவையைத் தூவினது போல இருந்தது. முதலில் பிரைஸ் 7-ஐச் சந்தேகப்பட்டேன். பிறகு மெட்டீரியல் லேபைத் திறந்து பார்த்தால், நான் அதை 'வேர்ல்ட் ஸ்பேஸ்' என்ற முறையில் வைத்திருந்தேன். அந்த முறையில், கல்லின் கோலம் பொருளோடு வளராது, உலகத்தோடு ஒட்டியிருக்கும். ஆளுயரப் பாறைக்கு நான் அளந்து செய்த கறை, பெரிய மலைமேல் போட்டால் பொடியாகத்தான் தெரியும். 'ஆப்ஜெக்ட் ஸ்பேஸ்' என்று மாற்றினால் பொருளோடு சேர்ந்து நீளும். அப்போது சில சமயம் அளவுக்கு மீறி இழுபடும். ஆக, மேட் ஃபைலில் நிறம் வருகிறது, கோலம் வருகிறது, அது எந்த அளவுப் பாறைக்காகச் செய்யப்பட்டது என்பது மட்டும் வருவதில்லை. அப்பாவின் டப்பா மூடியும் அப்படித்தான். நிறம் காட்டும். எந்தத் தூரிகைக்கு, எவ்வளவு டர்பன்டைன் என்று காட்டாது.

ஆகவே நான் இப்போது கல்லை மட்டும் தனியாகச் சேமிப்பதில்லை. அந்தக் கல்லைப் பூசின பாறையையே பொருளாக, ஓபிபியாகச் சேமிக்கிறேன். பாறையோடு மெட்டீரியலும் வரும், அளவும் வரும். தனி மெட்டீரியல் வேண்டுமென்றால் பாறையிலிருந்து உருவிக்கொள்ளலாம். தலைகீழாகச் செய்யமுடியாது.

இன்னொரு பாடம் மலையைப் பற்றியது. யானைமலையை நான் விண்வெளி ஓடம் எடுத்த உயர அளவுகளிலிருந்து செய்து வைத்திருந்தேன். 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டவர் ஓடம் பறந்து எடுத்த அளவுகள். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். ஒத்தக்கடையிலிருந்து பார்த்தால் படுத்த யானை மாதிரியே இருக்கிற மலை அது. அந்த அளவுகளில் கோடு மட்டும்தான் கிடைக்கும், மீதியைக் கையால் செதுக்கவேண்டும். எட்டு நாள் செதுக்கியிருக்கிறேன். அதைக் கொண்டுவரும்போது ஒரு நண்பர், "எதற்கு இந்தத் தொல்லை? உயரத்தைக் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்து, அங்கே போய் மறுபடி மலையாக்கிக்கொள்ளுங்கள்" என்றார். செய்து பார்த்தேன். யானையின் முதுகெல்லாம் தெப்பக்குளத்துப் படிக்கட்டு. சாதாரண எட்டு பிட் படத்தில் கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே 256 படிகள்தான். பிரைஸ் மலைக்குள் வைத்திருப்பது பதினாறு பிட், 65,536 படி. வழுக்கைப் பாறையில் அந்த வித்தியாசம் அப்படியே கண்ணில் அடிக்கும். மலையை ஓபிபியாகவே கொண்டுவந்தேன், முதுகு வழவழவென்று வந்தது.

விர்ச்சுவல் ஸ்டோரிலும் சிக்காத சில பொருட்கள் இருந்தன. நான் லைப்ரரியில் சேர்க்கவே மறந்தவை. அவை எங்கே கிடைத்தன தெரியுமா? பழைய காட்சி ஃபைல்களில். பிரைஸ் 5-ல் சேமித்த பிஆர்5 ஃபைலை 7 நேராகத் திறக்கிறது. திறந்து, வேண்டிய பாறையைத் தொட்டு, லைப்ரரியில் 'ஆட்' கொடுத்தால் தீர்ந்தது. நிலா ஏரியையே அப்படித்தான் மீட்டேன். லைப்ரரி, லைப்ரரி என்று மூன்று நாள் தவித்துவிட்டு, கடைசியில் பார்த்தால் உண்மையான லைப்ரரி நான் முடித்துத் தூக்கிப்போட்ட இருநூறு சொச்சம் காட்சிகள். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். இது ஒருவழிப் பாதை. 7-ல் சேமித்த காட்சியை 5 திறக்காது. பழைய ஃபைலைத் திறந்ததும் வேறு பெயரில் சேமித்துவிடுங்கள்.

7-க்கு வந்ததில் லாபம் என்ன? எனக்கு ஒன்றே ஒன்று போதும்: இன்ஸ்டன்சிங் லேப். ஒரே பனையை நூறு இடத்தில் நட்டால், நூறு மரத்தின் பாரத்தையும் சுமக்காமல், ஒரு மரத்தை வைத்துக்கொண்டு நூறு இடத்தில் காட்டுகிறது. 5-ல் முப்பது பனை நட்டாலே கணினி மூச்சு வாங்கும். இப்போது வயல் வரப்பு முழுக்க நட்டிருக்கிறேன். ஒவ்வொன்றையும் கொஞ்சம் திருப்பி, கொஞ்சம் உயரம் மாற்றி நடச் சொல்லலாம். பனைகள் ராணுவ வரிசை மாதிரி நிற்காது.

குறைகளை மறைக்க வேண்டியதில்லை. இது 32 பிட் சாஃப்ட்வேர். கணினியில் 16 ஜிபி ராம் இருந்தாலும் இது தொடமுடிவது அதிகம் போனால் 4 ஜிபி. அதனால் ஒரே வகைக்குள் கனமான பொருட்களைக் குவிக்காதீர்கள். என் மரங்கள் எல்லாவற்றையும் முதலில் ஒரே ஃபைலில் வைத்திருந்தேன், லைப்ரரி ஜன்னல் திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். இப்போது பனை தனி, தென்னை தனி, வேலிக்காத்தான் தனி. மேக் வைத்திருப்பவர்களுக்கு இது உதவாது. 2011-ல் வந்த மேக்கின் லயன் இயங்குதளத்திலிருந்தே ஓடுவதில்லை. இங்கிருந்து வெளியே போகிற வழியும் குறுகல்தான். மற்ற சாஃப்ட்வேர்களும் படிக்கிற ஓபிஜே வடிவத்தில் மலையை வெளியே அனுப்பலாம், ஆனால் பிரைஸ் கணக்குப் போட்டு உண்டாக்குகிற கல்லின் கோலம் கூடப் போகாது, படமாக்கித்தான் அனுப்பவேண்டும்.

புதிதாகக் கற்கப்போகிற பிள்ளைகள் இதில் இறங்க வேண்டாம். பிளெண்டர் இருக்கிறது, 2021 டிசம்பரில் வந்த 3.0-லிருந்து அதிலும் பொருட்களை அடுக்கிவைக்க அசெட் பிரவுசர் உண்டு. பிரைஸின் பழைய போட்டியாளரான வூ என்ற சாஃப்ட்வேரின் வளர்ச்சியும் 2024-ல் நின்றுபோய், அதை எல்லோருக்கும் இலவசமாக விட்டுவிட்டார்கள். அதிலும் இப்போது போய் முதலீடு செய்யவேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆனால் பிரைஸ் 5-லோ 6-லோ பழைய சேமிப்பு வைத்திருக்கிற என்னைப் போன்றவர்களுக்கு 7.1 நல்ல வீடு. ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். அந்த ஒன்றைக் குறைத்தது 32 பிட்டுக்காக.

நிலா ஏரியைப் பத்தடிக்கு எட்டடி, அங்குலத்துக்கு 60 புள்ளி, அதாவது 7200-க்கு 5760 என்று கணக்குப் பண்ணி, காட்சியைப் படமாக வரைந்து நேராக டிஸ்க்கில் எழுதுகிற 'ரெண்டர் டு டிஸ்க்' கொடுத்து ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். காலையில் வாட்ஸ்அப்பில் சின்ன அளவில் ஸ்டுடியோக்காரருக்கு அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் ஃபோன் வந்தது.

"அண்ணே, அதே ஏரிதான், சந்தோஷம். ஆனா அந்த நிலாவ மட்டும் கொஞ்சம் இடதுபக்கம் தள்ளிருங்க. போன தடவையே மாப்பிள்ளை தலைக்குப் பின்னால போயிருச்சு. பதினஞ்சு வருஷமா சொல்லணும்னு இருந்தேன்."

தள்ளிவிட்டு, மறுபடி ரெண்டர் போட்டிருக்கிறேன். ஓடிக்கொண்டிருக்கிறது.